காலையிலேயே எழுதிவிட்ட சாயங்காலம்

அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களாவது வந்து நாலு வார்த்தை சொல்லி விலக்கிவிட்டிருப்பார்கள்.

புருஷன், பெண்டாட்டி, இரண்டே பேர். பிள்ளைகள் இல்லை. அவன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ஆபரேட்டர். அவள் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடிவதற்குள் கிளம்பிப் போய்விடுவாள். ராத்திரி சீக்கிரமே படுத்தும் விடுவாள். அவன் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவான். ஹெட்போன் காதில் ஏறிவிட்டால் அப்புறம் அவன் இந்த உலகத்தில் இல்லை. ஆட்டம் முடிந்ததும் கூடத்து சோபாவிலேயே படுத்துக்கொள்வான். அவள் தூக்கம் கெடக் கூடாதே என்று. அதை ஒரு கரிசனமாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் அவள் வந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, நான் தனியாப் போயிடலாம்னு பார்க்கறேன். அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் காலியா இருக்கு."

அவன் ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை இறக்கினான். "என்ன சொன்னே?"

அவள் திரும்பவும் சொன்னாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதில்தான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு காதிலிருந்தும் இறக்கினான்.

அவளை இழந்துவிட அவனுக்கு மனசில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே கேட்கக் கேட்க நீங்கள் அவனைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். ஆனால் மனசில்லை என்பது நிஜம்.

லேப் இருக்கிற கட்டடத்தின் மாடியில், குடும்ப விஷயங்களைப் பேசித் தீர்த்துவைக்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். இரண்டு பேரும் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருந்து எதுவும் எழுதித் தரவில்லை.

"ஆளுக்கொரு டைரி வாங்குங்க. தினம் சாயங்காலம் அரைப்பக்கம். இன்னிக்கு வீட்டுல என்ன நடந்துச்சு, அவங்ககிட்ட நீங்க என்ன பார்த்தீங்க, அவ்வளவுதான். குத்தம் குறை எழுதக் கூடாது. ஞாயித்துக்கிழமை மாத்திக்கிட்டுப் படிங்க. ஒன்றரை மாசம் செஞ்சு பாருங்க, அப்புறம் போறதா இருக்கறதான்னு முடிவு பண்ணுங்க."

"போன்ல டைப் பண்ணி அனுப்பிட்டா ஆகாதா டாக்டர்?" என்றான் அவன்.

"ஆகாது. கையால எழுதணும்."

"என் கையெழுத்தைப் படிக்கணும்னா இவ மெடிக்கல் ஷாப்காரரைத்தான் துணைக்குக் கூப்பிடணும்."

அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போகிற வழியிலேயே நீல அட்டை போட்ட டைரி இரண்டு வாங்கினான்.

முதல் நாள் சாயங்காலம் ஒழுங்காக உட்கார்ந்தான். "இன்று" என்று எழுதினான். அதற்குள் ஹெட்போனிலிருந்து கூப்பாடு.

"பெரிசு! எங்க போனீங்க? சுவரை இடிக்கறானுங்க!"

அவன் விளையாடியது கோட்டையைக் காக்கிற ஆட்டம். நாலு பேர் ஒரு அணி. மற்ற மூன்று பேரும் வேறு வேறு ஊர்களில் இருக்கிற வாலிபர்கள். இவனுக்குத்தான் வயது அதிகம், அதனால் பெரிசு. இவன் சண்டை போடுகிறவன் இல்லை. அடிபட்டு விழுகிறவர்களுக்குப் பச்சிலை கட்டி எழுப்பி விடுகிற வேலை. திரையின் ஓரத்தில் ஒவ்வொருவருடைய உயிரும் ஒரு பச்சைக்கோடாகத் தெரியும். கோடு ஒரு நூலளவு குறைந்தாலும் இவன் கண்ணுக்குத் தப்பாது.

"இரு, இரு. உனக்கு உயிர் பாதிதாண்டா இருக்கு. சுவத்துக்குப் பின்னாடி வந்துடு. பயப்படாதே, நான் வந்துட்டேன்ல?"

படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் இதையெல்லாம் தினமும் கேட்பாள். இப்படி ஒரு குரல் இவரிடம் இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையணையைக் காதுமேல் வைத்துக்கொள்வாள்.

டைரியில் "இன்று" என்பதோடு நின்றது. மறுநாளும் அப்படியே.

இங்கே அவன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிடங்கில் ஐந்து அறைகள். மணிக்கு ஒருதரம் ஒவ்வொரு அறைக்கும் போய், கதவோரத்து மீட்டரில் எத்தனை டிகிரி என்று பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓடி ஓடிக் குறித்தான். மீசை என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த ஆபரேட்டர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் தம்பி இப்படி அலையறே? மைனஸ் பதினெட்டு எங்க ஓடிப்போகப் போகுது? ஏதாவது ஆச்சுன்னா மணி அடிக்காதா? காலையிலேயே நாள் பூராவுக்கும் போட்டுட்டு உக்காரு."

"எல்லாத்துக்கும் பதினெட்டுன்னு போட்டா கண்டுபிடிச்சுட மாட்டாங்களாண்ணே?"

"அதுக்குத்தான் மூளை வேணுங்கறது. நடுவுல ஒரு இடத்துல அரை டிகிரி ஏத்தி விடு. அடுத்த மணிக்கு இறக்கிடு. அப்பத்தான் ஓடிப்போய்ப் பார்த்து எழுதின மாதிரி இருக்கும்."

அன்றிலிருந்து அவன் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட ஒரு தப்பும் வந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, அட்டையை நிரப்பி முடித்த கையோடு பையிலிருந்து நீல டைரியை எடுத்தான். மெஷின் ஓடுகிற ஒரே சீரான சத்தம். சுற்றிலும் ஆள் இல்லை. தேநீர் டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு வரப்போகிற சாயங்காலத்தை எழுதினான். வீட்டுச் சாயங்காலமும் எங்கே ஓடிப்போகப் போகிறது?

வேடிக்கை என்னவென்றால், நன்றாக எழுதினான். அந்த நேரத்தில் அவள் அவன் கண்முன்னே வந்து நின்றாள். அவள் தலையை வாரிவிட்டுச் சீப்பில் சுற்றிய முடியை விரலில் சுருட்டுவது, பசியில்லாத நாளில் தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கிக் கோடு போடுவது, எல்லாம் வந்தது. "சாப்பிடும்போது, ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த போலீஸ்காரர் கதையைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்னாலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது இடது கண் கொஞ்சம் சின்னதாகிறது" என்று ஒரு செவ்வாய்க்கிழமைக்கு எழுதினான். எல்லாமே இனிப்பாக இருந்தால் நம்ப மாட்டாளே என்று, நடுவில் ஒரு நாள், "இன்று எனக்குத் தலைவலி. அவளிடம் எரிந்து விழுந்தேன். பிறகு வருத்தப்பட்டேன்" என்றும் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டைரியை மாற்றிக்கொண்டார்கள். அவளுடைய பக்கங்கள் சின்னவை. "வந்தார். சாப்பிட்டார். சட்டைக் காலர் கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும்." அவன் அதைச் சட்டென்று படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மெதுவாக, ஒரு வரியை இரண்டு தரம் படித்துக்கொண்டிருந்தாள். வாதாடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவளுடைய பக்கங்கள் கொஞ்சம் நீளமாயின. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்.

ஒருநாள் அக்காவிடம் போனில் சொன்னாள், "அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுக்கா."

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் ஏதாவது மையை கியை வெச்சுட்டாரா?"

"எழுதறாருக்கா. நான் கவனிக்கலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கார்."

"என்னமோ போ. விளையாட்டை விட்டுட்டாரா?"

"அது விடலை," என்றாள் அவள். "அது இருந்துட்டுப் போகட்டும்."

ஒன்றரை மாதம் முடிகிற கடைசி வாரம். வியாழக்கிழமை மத்தியானம், அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் லேபுக்குப் போன் செய்தார்கள். இவள் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவனைக் கூப்பிட்டாள். கிடங்கில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், எடுக்கவில்லை. சாயங்காலம் ஒருதரம் கூப்பிட்டாள். அன்றைக்கு அவன் அணிக்கு இறுதிச் சுற்று. போன் மேசையில் குப்புறக் கிடந்தது. அதோடு அவளுடைய போனில் சார்ஜ் போய்விட்டது. இரவு முழுக்க அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. படுத்துவிட்டாள் போல என்று ஃபிரிட்ஜில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு ஆட்டத்தில் உட்கார்ந்தான். காலையில் எழுந்தபோது வீடு காலியாக இருந்தது. தினமும்தான் காலியாக இருக்கும். தவறிய அழைப்புகளைப் பார்த்தான். கடையில் நின்றுகொண்டு ஏதாவது வாங்கட்டுமா என்று கேட்டிருப்பாள், இந்நேரம் லேபில் ஊசியும் கையுமாக இருப்பாள் என்று விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "அக்கா ஆஸ்பத்திரியில இருக்கா" என்றாள். அவன் திரும்பாமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினான். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அவள் அந்த ஒரு நிமிஷமும் நின்றாள், அதற்கு மேலும் கொஞ்சம் நின்றாள். கண் சொருகியது. போய்ப் படுத்துக்கொண்டாள். சனிக்கிழமை மறுபடி ஆஸ்பத்திரி.

ஞாயிற்றுக்கிழமை அவள் டைரியை வாங்கியதும் முதலில் வியாழக்கிழமையைத்தான் தேடினாள். வீட்டில் தான் இல்லாத ராத்திரி. தேடியிருப்பாரா, கதவைத் திறந்து பார்த்திருப்பாரா, பயந்திருப்பாரா? பேச வராதவர், எழுதியாவது இருப்பார். அவ்வளவு ஆசையாக ஒரு பக்கத்தை அவள் அதுவரை திருப்பியதில்லை.

"வியாழன். சேர்ந்து சாப்பிட்டோம். அவளுக்குத் தோள் வலி. தைலம் தேய்த்துவிட்டேன். உங்க கை எப்பவும் ஜில்லுன்னு இருக்கு என்றாள். அப்படியே தூங்கிப்போனாள். போர்வையை இழுத்துவிட்டேன்."

அவள் இரண்டு தரம் படித்தாள். எதிரில் அவன், அவளுடைய வியாழக்கிழமையைப் படித்துக்கொண்டிருந்தான். "ஆஸ்பத்திரி. அக்கா வலியில் கத்துகிறாள். இவர் போன் எடுக்கவில்லை." அவன் முகம் ரத்தம் சுண்டி வெளுத்துப்போனது. லேபில் ஊசியைப் பார்த்து எத்தனையோ பேருக்கு அப்படி வெளுத்துப்போனதை அவள் பார்த்திருக்கிறாள். விழப்போகிறவர் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"தண்ணி குடிங்க," என்றாள்.

அவன் குடித்தான்.

"இதை எப்ப எழுதினீங்க?"

"காலையில."

"வெள்ளிக்கிழமை காலையிலயா?"

"இல்லம்மா. வியாழக்கிழமை காலையில. கிடங்குல."

"எல்லாமே அப்படித்தானா?"

அவன் ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினான்.

"அந்தப் போலீஸ்காரர் கதை?"

"அது நீ எப்பவோ சொன்னது. கல்யாணமான புதுசுல."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு," என்றாள் அவள். "ஆனா நீங்க எழுதியிருந்ததைப் பார்த்துட்டு, சொல்லியிருக்கேன் போலிருக்கு, சிரிச்சிருக்கேன் போலிருக்குன்னு நம்பிட்டேங்க. என்னையே நான் சந்தேகப்பட்டேன்."

"நான் பொய் எழுதணும்னு எழுதலை. அங்க உக்காந்தா உன் ஞாபகம் வரும். வந்ததைத்தான் எழுதினேன்."

"தெரியுது. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அந்தப் பொம்பளையை உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு." அவள் டைரியை மூடி அவன் பக்கம் தள்ளினாள். "அவ நான் இல்லைங்க. நான் சாயங்காலம் வீட்டுல இருந்தேன்."

"இன்னியிலேருந்து சாயங்காலமே எழுதறேன். ஆட்டத்தையும் விட்டுடறேன். சத்தியமா."

"எழுதுங்க. எனக்குக் காட்ட வேண்டாம்."

அன்று முழுவதும் அவன் அவள் பின்னாலேயே சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தான். பாத்திரம் கழுவட்டுமா என்றான். அக்காவைப் பார்க்கப் போகலாமா என்றான். எல்லாவற்றுக்கும் அவள் தன்மையாகத்தான் பதில் சொன்னாள். கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

அந்த ரூம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அந்த வாரத்திலேயே ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். இரண்டு பெட்டி, ஒரு பை. பெட்டியை அவன்தான் மாடிப்படியில் இறக்கினான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்ஸியின் பின்கதவைத் திறந்து பெட்டிகளை ஏற்றினான்.

"அக்காவுக்கு எந்தக் கால்?" என்று கேட்டான்.

"கால் இல்லைங்க. இடுப்பெலும்பு."

"ஓ." பெட்டியைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணிட்டாங்களா?"

அவள் கார்க் கதவைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு ஒற்றைச் செருப்பு மட்டும் வந்ததை, அதைத் தான் ராத்திரி முழுக்கக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்ததை, எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவளுக்கு அக்கா கையில் ஏறிய ஊசியைப் பார்க்க முடியாமல் போனதை, விடிகாலையில் ஒரு நர்ஸ் தன் தேநீரில் பாதியைக் கொடுத்ததை. டிரைவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. அவன் கேட்டுக்கொண்டே நின்றான். "அப்புறம்?" என்று மட்டும் இரண்டொரு தரம் கேட்டான்.

சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வரேங்க," என்று சொல்லிவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி போயிற்று.