விலக்குப் பட்டியல்

பாதி மாவுதான் இறங்கியிருந்தது. அதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது.

"அத்தை, வந்துட்டாங்க!"

"கை நடுங்காம கொட்டுடி. ஆபரேஷன்ல பிள்ளை பெத்தவ, டப்பாவுக்குப் போய் நடுங்குறா."

மாமியார் சமையலறை வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார். மருமகள் பச்சை டப்பாவிலிருந்த பால்மாவை மஞ்சள் டப்பாவுக்குள் கவிழ்த்தாள். பச்சை, அந்நியக் கம்பெனி. மஞ்சள், உள்நாட்டுக் கம்பெனி. காலிப் பச்சையை அழுக்குத் துணிக்கூடையில் புதைத்து, மஞ்சளுக்கு மூடி போட்டு, மேடையில் சிந்தியதைத் துடைக்கவும், சோதனைக் குழு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

குழுவின் தலை, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வேறு யாருமில்லை, அவளுடைய மாமனார்தான். சொந்த வீட்டையே சோதனை போட வந்திருந்தார். பின்னால் ரெஜிஸ்டரும் பேனாவுமாகத் துணைச் செயலாளர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் வேண்டும். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'ஆமாம்சார்'. அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், முகத்தில் போலீஸ் களையோடு.

"என் வீடுன்னு சலுகை கிடையாது. அலமாரியைத் திற," என்றார் செயலாளர்.

திறந்தாள். சோப்பு, பற்பசை, எண்ணெய், ஷாம்பு. ஒவ்வொன்றையும் தூக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளின் அடியில் இருக்கும் பொடி எழுத்துவரை படித்தார். கடைசியாக மஞ்சள் டப்பாவைக் கையில் எடுத்தார். நெஞ்சோடு அணைத்துக்கொள்வாரோ என்று தோன்றியது.

"பார்த்தீங்களா? என் பேரன் குடிக்கிறது இதைத்தான். எழுதிக்கோங்க, எல்லாம் சரி."

"ஆமாம் சார்."

எங்கோ ஒரு பணக்கார நாடு நம் நாட்டுச் சரக்கைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டது. அந்நியச் சாமான்களை ஒதுக்கி அதற்குப் பதிலடி கொடுக்க ஊரெல்லாம் கிளம்பியது. இந்தக் குடியிருப்பும் கிளம்பியது. கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும். நியாயமான கோபத்துக்குப் பொருத்தமில்லாமல் ஒரு காரியம் நடந்தது. எதை விடுவது, எதை விடாமல் இருப்பது என்று முடிவு செய்ய உட்கார்ந்த குழுவில் ஒரு பெண்கூட இல்லை.

அதனால் விலக்குப் பட்டியல் ஒன்று தயாரானது. 'தவிர்க்க முடியாத அத்தியாவசியப் பொருட்கள்' என்று தலைப்பு. இவை மட்டும் அந்நியமாக இருந்தாலும் பரவாயில்லை. கைபேசி, மோட்டார் பைக், சவர பிளேடு, தலைச்சாயம், செயலாளரின் முழங்கால் தைலம், பொருளாளர் சாயங்காலம் மட்டும் சாப்பிடும் ஒரு திரவ மருந்து. பதினான்கு அத்தியாவசியங்கள். தேசம் மிச்சமிருந்த சாமான்களை ஒதுக்கித்தான் காப்பாற்றப்பட வேண்டும். மிச்சமிருந்தவை சமையலறையிலும், குளியலறையிலும், பெண்கள் யாருக்கும் காட்டாமல் வைக்கும் பையிலும் இருந்தன.

பெண்கள் சண்டை போடவில்லை. டப்பா மாற்றினார்கள்.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் இதை முதலில் மோப்பம் பிடித்தார். அந்நியச் சரக்கு வாங்கினால் உள்நாட்டுக் காலி டப்பா ஒன்றையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். "ஜோடியா வேணுமாம்மா, தனியாவா?" என்று மட்டும் கேட்பார். தினமும் காலையில், "நம்ம நாட்டுக் காபித்தூளுக்கு ஈடு இணை உண்டா?" என்று செயலாளர் ரசித்து உறிஞ்சியதும் அப்படி ஜோடியாக வந்த தூள்தான். மாமியார் காலி டம்ளரை வாங்கிக்கொள்வார்.

மருமகளுக்கு இது விளையாட்டில்லை. தாய்ப்பால் இரண்டாம் மாதமே நின்றுபோனது. பசும்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து செய்த சாதாரண மாவும் ஆகாது, கொடுத்தால் குடல் புண்ணாகி ரத்தமாகப் போகும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது பச்சை டப்பா மட்டும். அந்த வகை மாவை உள்நாட்டில் யாரும் தயாரிக்கவில்லை. பட்டியலில் பதினைந்தாவதாகச் சேர்க்கச் சொல்லி மாமனாரிடம் கேட்டுத்தான் பார்த்தாள்.

"எங்கம்மா ஒன்பது பெத்தாங்க. எந்த டப்பாவை வாங்கி ஊத்தினாங்க?"

"ஒன்பதுல தங்கினது நாலு," என்று சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவளுடைய கணவன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். அது பட்டியலில் முதலாவதாக இருந்த கைபேசி.

அந்த மாதப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் பேரனையே மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"இவனுக்குப் பால் ஒத்துக்காது, அந்நிய மாவுதான் குடுக்கணும்னு ஒரு டாக்டரம்மா பயமுறுத்தினாங்க. நான் மசியல! நம்ம மஞ்சள் டப்பாதான். கன்னத்தைப் பாருங்க, ரெண்டு பக்கமும் பன்னு மாதிரி!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பேரன் மைக்கைக் கடித்தான். அதற்கும் தட்டினார்கள். பின்வரிசையில் மருமகளும் தட்டினாள். செயலாளரின் மருமகள் தட்டாமல் இருந்தால் நாலு தலை திரும்பும் அல்லவா?

தட்டல் ஓய்ந்ததும், கதவோரம் நின்றிருந்த தையற்காரி முன்னால் வந்தாள். வாசல் கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் தையல் மெஷினோடு குடியிருப்பவள். அறை சங்கத்துக்குச் சொந்தம். புருஷன் லாரியோடு போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"சார், என் பாப்பாவுக்கும் இதே வியாதிதான் சார். பெரியாஸ்பத்திரில பச்சை டப்பா எழுதிருக்காங்க. பர்மிஷன் கேக்கலாம்னு..."

"கேட்டல்ல இப்ப? பார்த்தல்ல?" செயலாளர் பேரனை உயர்த்திக் காட்டினார். "இதைவிட என்ன சாட்சி வேணும்? மஞ்சள் குடு. அந்நிய டப்பா இருந்தா அறையைக் காலி பண்ணணும், விதி தெரியும்ல?"

"ஐயோ, வேணாம் சார். நீங்க சொன்னாப் போதும்."

சீட்டை நான்காக மடித்து மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.  நாளைக்குக் கீழே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பின்வரிசையில் மருமகள் நினைத்தாள். நாளை வந்தது. சொன்னால் அத்தையின் காபித்தூள் மாட்டும், தெருவே மாட்டும், தனக்கும் வீட்டில் ரணகளம். இன்னொரு நாளைக்குச் சொல்லலாம்.

பத்தாம் நாள், கிழிந்த தலையணை உறையோடு அவள் கீழே இறங்கினாள். அறையில் மெஷின் ஓடவில்லை. தையற்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை துவண்ட கொடியாகக் கிடந்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. மூலையில் கசக்கிப் போட்டிருந்த துணியில் சிவப்பு.

"எதுவும் தங்க மாட்டேங்குதுக்கா. ஒரு ஸ்பூன் சேர்த்துத்தான் போடுறேன். சார் சொன்ன அதே டப்பாதான், பாருங்க."

மருமகள் டப்பாவைப் பார்க்கவில்லை. குழந்தையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா எங்ககிட்ட தூக்கிட்டு வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது," என்றாள் பெரியாஸ்பத்திரி டாக்டர். "எழுதிக் குடுத்ததை விட்டுட்டு யார் பேச்சைக் கேட்டீங்க?"

ஐந்து நாள் குழாயும் ஊசியும். ஐந்தாம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து, பச்சை டப்பா மாவைக் கால் பாட்டில் குடித்து, ஓங்கி அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் மருமகளுக்கு வாய் வந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டு மஞ்சள் டப்பாக்குள்ள இருக்கிறது பச்சை மாவு. மாமாவுக்குத் தெரியாது. என் பையன் ஒரு நாள்கூட மஞ்சள் குடிச்சதில்ல."

தையற்காரி குழந்தையின் கைக்கட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"அன்னிக்குக் கூட்டத்துல நீங்க பின்னாடி உக்காந்திருந்தீங்கல்ல?"

"ஆமா."

"கைதட்டினீங்களா?"

பொய் சொல்ல இடமில்லை. "தட்டினேன்."

"நானும்தான் தட்டினேன். நான் நம்பித் தட்டினேன்கா."

அவள் திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை மறுபடி சோதனை. காலையிலேயே மருமகள் கீழே போனாள். தையற்காரியின் மெஷின் மேசையில் பச்சை டப்பா பட்டவர்த்தனமாக உட்கார்ந்திருந்தது.

"மஞ்சளுக்கு மாத்தி வெச்சிடலாமா? ஒரு மணி நேரத்துக்குத்தான்."

"எதுக்கு? இன்னொருத்தி வந்து பார்த்து நம்பறதுக்கா?"

மருமகள் மேலே வந்தாள். துணிக்கூடையைக் கிளறினாள். பச்சை டப்பாவை எடுத்து, மாவை அதற்கே திருப்பிக் கொட்டி, அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெச்சா வெச்சதுதான், தெரியும்ல?"

"தெரியும் அத்தை."

"அப்ப லேபிளை முன்பக்கமாத் திருப்பி வை. மனுஷனுக்குக் கண்ணு மங்கல்."

பத்து மணிக்குக் குழு வந்தது. செயலாளர் அலமாரியைத் திறந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. பச்சையைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பின்னால் ஆமாம்சார் எட்டிப் பார்ப்பதற்குள் அலமாரிக் கதவைச் சாத்தினார்.

"எழுதிக்கோங்க. எல்லாம் சரி."

"ஆமாம் சார்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், டப்பாவை எறிவார், பேரனோடு பிறந்த வீட்டுக்குப் போ என்பார் என்றெல்லாம் நினைத்திருந்தாள். மனிதர் கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைக்கவே இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழுவின் பின்னாலேயே கீழே இறங்கினாள்.

தையற்காரியின் அறையில் அதே செயலாளருக்குப் பார்வை கூர்மையாகிவிட்டது. வாசலிலிருந்தே கண்டுபிடித்தார்.

"அந்நிய டப்பா! எவ்வளவு தைரியம்! ஒரு வாரத்துல அறை காலியாகணும். எழுதுங்க."

"பாப்பா செத்துப் பொழைச்சிருக்கு சார்."

"எல்லாருக்கும் ஒரே விதிதான்மா. நான் என்ன பண்ண?"

"மாமா, அப்ப நம்ம வீட்டுக்கும் எழுதச் சொல்லுங்க," என்றாள் மருமகள். "இப்ப பார்த்துட்டுத்தானே கதவைச் சாத்தினீங்க? இவன் ரெண்டாம் மாசத்துல இருந்து குடிக்கிறது பச்சைதான். நீங்க மேடையில தூக்கிக் காட்டினீங்களே, அந்தக் கன்னம், அது அந்நியன் குடுத்த கன்னம்."

யாரோ ஒருவர் இருமினார். செயலாளரின் காது மடல்கள் சிவந்தன.

"பிள்ளை பெத்த உடம்பு, ஏதோ உளறுது," என்றார் குழுவைப் பார்த்து.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். பொருளாளர் தம் மருந்தைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு வந்தார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் தீர்மானம் தொங்கியது. செயலாளரின் பேரனுடைய உடல்நிலையைக் கருதி, பச்சை டப்பா மாவு பதினைந்தாவது அத்தியாவசியமாகச் சேர்க்கப்படுகிறது. இது ஞாயிறு முதல் அமலுக்கு வரும். வாசல் அறையில் நடந்த விதிமீறல் சனிக்கிழமை நடந்தது. ஆகவே காலி செய்யும் உத்தரவு நீடிக்கிறது.

நீதி தவறாத குழு. தேதி பார்த்துத்தான் நீதி சொல்லும்.

மருமகள் பலகை முன்னால் நின்று இரண்டு தடவை படித்தாள். தன் பிள்ளைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி ஒளிக்க வேண்டாம், கொட்ட வேண்டாம், நடுங்க வேண்டாம். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். மாமனார் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அடுத்த சனிக்கிழமை அறையைக் காலி செய்யக் குழு வந்தது. ஐந்து பேர். மெஷினைத் தூக்க ஒரு தள்ளுவண்டிகூடக் கொண்டு வந்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரே பாயில் பேரனும் தையற்காரியின் மகளும் பக்கத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தையற்காரி மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பாயின் தலைமாட்டில் மருமகள், கால்மாட்டில் மாமியார்.

"நீ இங்க என்னடி பண்ற?" என்று மனைவியைப் பார்த்துச் சீறினார் செயலாளர். "காலையில இருந்து காபி இல்ல எனக்கு!"

"கத்தாதீங்க. பிள்ளைங்க முழிச்சுக்கும்."

"மாமா," என்றாள் மருமகள், குரலைத் தாழ்த்தி. "நேத்து ராத்திரியே துணிமணியெல்லாம் கொண்டு வந்துட்டேன். இனி நானும் இவனும் இந்த அறைக்குத்தான் குடி. உத்தரவு அறைக்குத்தானே? நிறைவேத்துங்க. யாரும் குறுக்க நிக்கல. ரெண்டுல எந்தப் பிள்ளையை முதல்ல வெளியில தூக்கிப் போடணும்னு மட்டும் உங்க குழுவுல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் ஆமாம்சாரைப் பார்த்தார். ஆமாம்சார் ரெஜிஸ்டரைப் பார்த்தார்.

"நீங்க போங்க."

"நீங்க மூத்தவர், நீங்க முதல்ல."

"அட, நீங்க நுழைங்க சார், பின்னாடியே நாங்க வர்றோம்."

தேசத்தைக் காக்கக் கிளம்பிய ஐந்து ஆண்கள், அகலம் மூன்றடிகூட இல்லாத அந்த வாசலில், வெயில் ஏற ஏற, ஒருவருக்கொருவர் மரியாதையாக வழிவிட்டுக்கொண்டே நின்றார்கள்.