பித்தளைப் பலகையில் இரண்டாவது பெயர்

பொழுதுபோக்காக வானொலியில் ஊர் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோ சங்கம் ஆளில்லாத தீவுக்குக் கிளம்புகிறது என்று முடிவானதும் தலைவர் செய்த முதல் ஏற்பாடு, அங்கே நடுவதற்கு ஒரு பித்தளைப் பலகை. கடற்பறவைகளை விட்டால் அதைப் படிக்க அங்கே நாதியில்லை. படகில் பாரம் கூடிவிட்டதென்று குடிதண்ணீர் கேன்களைக் குறைத்தார்களே தவிர, பலகையில் ஓர் எழுத்தைக்கூடக் குறைக்கவில்லை. மேலே கொட்டை எழுத்தில் தலைவர் பெயர். கீழே பொடி எழுத்தில் லேத் பட்டறைக்காரர் பெயர்.

பொடியோ கொட்டையோ, பட்டறைக்காரருக்கு அது பிறவிப் பயன். அந்தத் தீவிலிருந்து ஒருமுறை கூப்பிட்டால் போதும், உலகமே மோர்ஸ் தந்தி ஒலியில் மொய்த்துக்கொண்டு பதில் கொடுக்கும். அந்தக் கூச்சலில் ஒவ்வொருவரின் வானொலிப் பெயரான அழைப்புக் குறியையும் பிரித்தெடுக்க அவரை விட்டால் ஆளில்லை என்பது சங்கத்தின் நம்பிக்கை. பாம்புச்செவி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தச் செவியைப் பட்டறை இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. எதிரில் நின்று உரக்கப் பேசினால் சமாளித்துவிடுவார். மெல்லிய ஒலி எதுவும் எட்டாது. விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும்.

ஒத்திகை அவர் வீட்டிலேயே நடந்தது. அறைக்கு ஒருவராக உட்கார்ந்து தங்கள் குறியை மோர்ஸில் தட்ட, எல்லா ஒயர்களும் கூடத்திலிருந்த பெட்டிக்கு வந்தன. பெட்டியிலிருந்து அவர் ஹெட்ஃபோனுக்கு, புயல் இரைச்சலோடு கலந்து. தலைவர் ஃபேன் உள்ள படுக்கையறையைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டருக்குச் சமையலறை. மச்சினனுக்கு மாடிப்படி.

ஹெட்ஃபோனில் மழை கொட்டியது. மழைக்குள்ளே இன்னொரு மழை. வேறொன்றும் இல்லை. எதிரே சங்கச் செயலாளர் அவர் கையிலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் தாளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கல்யாணமோ கருமாதியோ, மைக்கை முதலில் பிடிப்பவர் தலைவர்தானே? எழுதினார் தலைவரின் குறியை. மற்றவர்களையும் அவரவர் குணத்தை வைத்தே ஒப்பேற்றினார்.

தலைவர் பயணத்துக்கென்று வாங்கிய கேப்டன் தொப்பியோடு வெளியே வந்து தாளைப் பார்த்தார். "பாத்தீங்களா? அத்தனை இரைச்சல்லயும் நான் தட்டுனதுதான் முதல்ல கேட்டிருக்கு!"

மனைவி பட்டறைக்காரரைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். பல் டாக்டர் கூடத்துக்குப் போயிருந்தார்.

"தலைவரோட ஒயர் பாய்க்கு அடியில கெடக்குதுங்க. மாட்டவே இல்ல. அவர் அடிச்சது அவருக்கு மட்டுந்தான் கேட்டிருக்கு."

"கெடக்கட்டும். யாருக்குத் தெரியப்போவுது?"

"என் தம்பியும்தான வர்றான். பாறையில வழுக்கி விழுந்து கால் ஒடஞ்சா, ரேடியோவில கப்பல்காரன் சொல்றதை யார் கேப்பா? பறவையா?"

"ஒரே ஒரு தடவைடி. இந்தக் காதுக்கு இதை விட்டா வேற எதுவுமில்ல."

"நான் வாயே தெறக்க மாட்டேன்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூடத்தில் மச்சினன் ஊர் கேட்கச் சிரித்துக்கொண்டிருந்தான். "அத்தான் இருக்கிறப்ப எனக்கென்ன? தீவுல காலை நீட்டித் தூங்குவேன்!"

பட்டறைக்காரர் படுக்கையறைக்குப் போனார். ஒயரைச் செத்த பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சதி!" என்று அலறினார் தலைவர். "எவனோ பிடுங்கியிருக்கான்!"

"அப்ப இவருக்கு எப்படிங்க உங்க குறி கேட்டுச்சு?" என்றார் பல் டாக்டர்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல. எங்க போனாலும் தலைவர்தான முந்திக்குவாரு, அதான் எழுதிட்டேன். எனக்குக் காது போயிடுச்சு."

முதல் பாதிக்குக் கொல்லென்று சிரித்தார்கள். இரண்டாம் பாதி உறைத்ததும் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். தலைவர்தான் முதலில் தேறினார். அவருக்கு வேலை இருந்தது.

"பலகையில டாக்டர் பேரைப் போட்டுக்கலாம். வெளியில குடுத்தா இழுத்தடிப்பாங்க. உங்க பேரை நீங்களே தேய்ச்சு எடுத்துக் குடுத்துடுங்க. மேல இருக்கிறதுல மட்டும் கீறல் விழாமப் பாத்துக்குங்க."

மறுநாள் பட்டறையில் பலகையை இறுக்கிவைத்து கிரைண்டரை எடுத்தார். மணிக்கட்டு அதிர்ந்தது, மஞ்சள் தூள் மூக்கில் ஏறியது. அவர் பெயர் எழுத்தெழுத்தாக மழுங்கிக்கொண்டே வந்தது. தலைவரின் பெயரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால், வாசலில் நின்று மச்சினன் "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கிரைண்டரை நிறுத்திய பிறகும் கூப்பிட்டான்.