டிரம்முக்குள் இருந்த தலையணை

ஆறாவது முறையும் என் தம்பி டிரம்மை அடிக்கவில்லை, தடவிக்கொடுத்தான். எங்கள் ராக் குழுவைத் தெரிந்த அத்தனை பேரும் அவனை இடி என்றுதான் கூப்பிடுவார்கள். இடி இடித்தது போலவா இருந்தது? தூங்குகிறவர்களை எழுப்பிவிடுவோமோ என்று பயந்து கதவைத் தட்டுவது போல இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், "நல்லாதாம்மா இருக்கு, மனச உருக்குது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மனதையும் உருக்க நான் இந்த எட்டுப் பாட்டை எழுதவில்லை.

போன வருடம் இதே ஸ்டுடியோவில், ஒத்திகையின் நடுவே என் இதயம் நின்றுவிட்டது. கிட்டாரோடு சாய்ந்தேனாம். ஆம்புலன்ஸ் வரும்வரை தம்பிதான் என் நெஞ்சை விடாமல் அழுத்தியிருக்கிறான். மூன்று விலா எலும்பை உடைத்தான், உயிரைப் பிடித்து வைத்தான். படுக்கையில் கிடந்தபடி மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம் பாட்டு எழுதினேன். எந்தக் கம்பெனியும் வேண்டாம், நாங்களே ஆல்பம் போடுகிறோம் என்று கிளம்பினோம். ஏழு பாட்டு முடிந்துவிட்டது. எட்டாவது, நான் செத்துக் கிடந்த அந்த நிமிடங்களின் பாட்டு. ஒலிப்பதிவுக்கு இன்றுதான் கடைசி நாள். இப்படியே வெளியே போனால் கேட்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அம்மா என்னை ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்க விடுவதில்லை.

"சத்தமே வரலையேடா" என்றேன்.

"வருதேக்கா. இதுக்கு மேல அடிச்சா பாட்ட அமுக்கிடும்."

சொல்லும்போது அவன் கண் தரையில் இருந்தது. நான் எழுந்து போய், அவன் காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்தேன். அதன் முன்பக்கம் திறந்திருக்கும். சத்தம் ரொம்பக் கணகணக்காமல் இருக்க உள்ளே ஒரு பழைய போர்வை வைப்பது எல்லாரும் செய்வதுதான். போர்வைக்குப் பின்னால் வேறு ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். நீலப் பூப்போட்ட சின்னத் தலையணை. இருமும்போது எலும்பு வலிக்காமலிருக்க நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி நர்ஸ் கொடுத்தது. அதை வீட்டில் நான் தேடாத இடமில்லை.

"எதுக்குடா இது இங்க?"

குச்சிகளை உருட்டிக்கொண்டே இருந்தான். "மிதிக்கும்போதெல்லாம் உன் எலும்பு முறிஞ்ச சத்தம் கேக்குதுக்கா. போன்ல அந்த ஆம்புலன்ஸ் அம்மா நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்கன்னு சொல்றாங்க. நான் அழுத்துறேன், முறியுது. திரும்ப அழுத்துறேன்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"அன்னைக்கு நீ பாவம் பாத்து மெதுவா அழுத்தியிருந்தேன்னா, இன்னைக்கு நான் செவுத்துல வெறும் போட்டோ. ஒடச்சதாலதான்டா இருக்கேன். அதே மாதிரி அடி."

"உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆச்சுன்னா திரும்ப அழுத்து. இன்னும் எலும்பு நெறைய மிச்சம் இருக்கு."

அவனுக்குச் சிரிப்பும் வந்து மூக்கும் ஒழுகியது. நான் கதவைத் திறந்து போய், தலையணையை ஒலிப்பதிவாளர் மடியில் வைத்தேன். "அண்ணே, இத நீங்க வச்சுக்கங்க. அவன் கேட்டாலும் குடுக்காதீங்க, நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் அடி தரை வழியாக என் உள்ளங்காலில் ஏறி, இடப்பக்கம் ஒட்டிச் சேர்ந்த எலும்பில் போய் நின்றது. வலித்தது. அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது. தம்பியின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, கால் மட்டும் நிற்கவில்லை. நான் மைக்கை நெருங்கி வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், எதிரே சத்த அளவைக் காட்டும் முள் சிவப்பில் போய் முட்டுவதைக்கூடக் கவனிக்காமல், தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.