எல்யோர் கடித்த ரொட்டி

எல்யோர் தூர தேசத்துக் கசான் நகரத்துக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிய காலையில், அவன் அம்மா சபோஹத் தந்தூரிலிருந்து எடுத்த முதல் ரொட்டியை அவன் வாயருகே நீட்டினாள். அவனுக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். பெரிதாக ஒரு கடி கடித்துவிட்டு, வாய் நிறைய ரொட்டியோடு மனைவி ஜும்ராதைப் பார்த்துக் கண்ணடித்தான். மிச்ச ரொட்டியை நூலில் கட்டிக் கூடத்து ஆணியில் மாட்டினார்கள். போனவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்று தீர்க்க வேண்டும். அதுவரை அந்த ரொட்டி அவனைக் கைவிடாது. அவர்கள் ஊரான கோகந்தில் இதைக் கேலி பேசுகிறவன் வீட்டிலும் ஓர் ஆணி இருக்கும்.

கல்யாணமாகி ஒரு குளிர்காலத்தைக்கூட அவர்கள் முழுதாகச் சேர்ந்து கழிக்கவில்லை. ஜும்ராத் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற ரகம் இல்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டு, தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த ரொட்டியைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். மேலே தூவிய கருஞ்சீரகம், நடுவில் முள் அச்சால் குத்திய பூ, அடுப்புச் சூட்டில் அங்கங்கே சிவந்த பக்கம், எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. கடித்த இடம்தான் நாள்கணக்கில் இழுத்தது. எல்யோருக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல். அந்தக் கோணலும் ரொட்டியில் பதிந்திருந்தது. அதை வரையும்போது மட்டும் பேனாவை அடிக்கடி கீழே வைத்துவிடுவாள்.

வரைந்ததை வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் ஏற்றினாள். படத்தைக் கொடுத்தால் போதும். அச்சடிப்பதும் அனுப்புவதும் அவர்கள் பாடு, விற்றால் இவளுக்கு ஒரு பங்கு. ஏற்றுகிற பக்கத்தின் அடியில் எந்தெந்தப் பொருளில் அச்சடிக்கலாம் என்று நீளமாகக் கேட்டிருந்தது. எல்லாக் கட்டத்திலும் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. தாள், துணிப்படம், கோப்பை, தலையணை உறை என்று கொஞ்ச தூரம் படித்தாள். அடுப்பில் பால் பொங்கியது. அப்படியே அனுப்பிவிட்டு ஓடினாள்.

வசந்தம் வந்தபோது ரொட்டி விற்க ஆரம்பித்தது. ஒன்றிரண்டு அல்ல, சரமாரியாக. வட்டமான படம், அதில் ஒரு கடி. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏனோ பிடித்துப்போயிற்று. கடைக்காரர்கள் பங்கை அனுப்பியதும் ஜும்ராத் அதைக் கொண்டுபோய் மாமியாரிடம் கொடுத்தாள். சபோஹத் அதை எண்ணக்கூட இல்லை.

"பணத்த விடு. என் ரொட்டிய வாங்கி என்னடி பண்றாங்க அவங்க?"

"படம்தானே அம்மா. செவுத்துல மாட்டுவாங்க."

அவ்வளவுதான். சபோஹத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர்க் குழாயடியில், மருந்துக் கடையில், துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட அதே பேச்சு. "அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு என் ரொட்டிதான் செவுத்துல தொங்குது. என் பையன் கடிச்ச ரொட்டி." துக்கத்திலிருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆச்சரியப்பட்டார்கள்.

எல்யோரும் தொலைபேசியில் துள்ளினான். "ஏய், நெசமாவா? இங்க வேலைப் பேப்பர இலையுதிர் காலத்துல புதுப்பிக்கணும். இது இப்படியே ஓடுச்சுன்னா புதுப்பிக்கவே மாட்டேன், ஜும்ராத். மூட்டையக் கட்டிட்டு வந்துடறேன். வந்து உனக்குத் தூரிகை கழுவுறேன்."

"தூரிகையே இல்லீங்க இதுல. எல்லாம் விரலும் பேனாவும்தான்."

"அப்ப விரலக் கழுவுறேன்."

அவள் சிரித்தாள். இலையுதிர் காலம் என்றால் இன்னும் ஒரு கோடைதான். அந்தச் சந்தோஷத்தில்தான், யார் யார் வாங்கினார்கள் என்று பார்க்கும் ஆசை வந்தது. அதுவரை வந்த தொகையைப் பார்த்தாளே தவிர, விவரத்தைத் திறந்ததில்லை.

திறந்தாள். தாள் ஒன்றே ஒன்று. கோப்பை இல்லை, தலையணை உறை இல்லை. மற்றதெல்லாம் ஒரே பொருள்: குளியலறைக் கால்மிதியடி, வட்டம்.

கீழே, வாங்கியவர்கள் கருத்து எழுதும் இடத்தில், ஐரின் என்ற பெண்மணி படமும் போட்டிருந்தாள். ஈரம் சொட்டும் இரண்டு கால்கள். கட்டைவிரல் சரியாக அந்தக் கடியின் மேல். "மெத்தென்று இருக்கிறது. தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது. ஐந்து நட்சத்திரம்."

கீழே விழுந்த ரொட்டித் துணுக்கை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிற வீடு அது. ரொட்டியைக் கவிழ்த்து வைத்தாலே சபோஹத் பதறி ஓடி வந்து நிமிர்த்துவாள். அதுவும் இது சாதாரண ரொட்டியா? அவன் உயிரைக் கட்டித் தொங்கவிட்ட ரொட்டி. கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட ஜும்ராதின் விரல் போயிற்று. 'மூட்டையக் கட்டிட்டு வந்துடறேன்' என்ற குரல் காதில் விழுந்தது. விரல் அங்கேயே நின்றது. அப்புறம் டேப்லெட்டை மூடிவிட்டாள்.

கோடை முழுக்க மிதியடி விற்றது. ஜும்ராத் கூடத்தைப் பெருக்கும்போது ஆணிப்பக்கம் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். எல்யோரின் அழைப்பு கொஞ்சம் தாமதமானாலும் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சாரத்திலிருந்து அவன் கால் வழுக்குவது போலக் கனவு வரும். யாரோ மிதிக்கிறார்கள், எங்கோ ஒருவன் வழுக்குகிறான். முட்டாள்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன, கனவு வந்தது.

திராட்சை பழுக்கும் சமயத்தில் பெண்களின் மாதக்கூட்டம் சபோஹத் வீட்டு முறையாக வந்தது. புலாவ் தின்று, பியாலாக் கிண்ணங்களில் பச்சைத் தேநீர் சுற்றி வந்தபோது, ஜும்ராத் பயந்தபடியே சபோஹத் ஆரம்பித்தாள்.

"மருமவளே, அந்தப் படமெல்லாம் காட்டு. என் ரொட்டி தொங்குற வீடுங்கள இவங்களும் பாக்கட்டும்."

"சார்ஜ் இல்லம்மா."

"காலையில எல்லாம் செருகியே வெச்சிருந்தியே?" என்றாள் பக்கத்து வீட்டு மஸ்தூரா. மஸ்தூராவுக்குப் பிறர் வீட்டு மின்சாரம்கூடக் கணக்கில் இருக்கும். எட்டி டேப்லெட்டை எடுத்தாள். அவள் மகளும் அந்த மாதிரிக் கடைகளில் துணி வாங்குகிறவள். எங்கே தட்ட வேண்டும் என்று மஸ்தூராவுக்குத் தெரிந்திருந்தது. தட்டினாள். பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திரையைச் சபோஹத் பக்கம் திருப்பினாள். மஸ்தூரா ஒன்றும் சொல்லாமல் இருந்ததே போதும், எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டார்கள்.

ஈரக் கால்கள். கட்டைவிரல். கடி.

ஒருத்தி "அடக் கடவுளே" என்று முணுமுணுத்தாள். சபோஹத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஜும்ராதுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சபோஹத் திரையை மெல்லத் தன் பக்கம் இழுத்து உற்றுப் பார்த்தாள்.

"கால எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கா பாருங்க இந்தம்மா," என்றாள். "நம்ம மஸ்தூரா கால் மாதிரியா இருக்கு? ஊத்துடி தேத்தண்ணிய, ஆறிடப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியிருந்ததால் சிரித்தார்கள். சீக்கிரமே கிளம்பியும் போனார்கள்.

வீடு காலியானதும் சபோஹத் விரிப்பை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"வசந்தத்துலேருந்தும்மா."

"வசந்தத்துலேருந்து." சபோஹத் தலையை ஆட்டினாள். "ஊர் பூரா செவுரு செவுருன்னு வாய் கிழியப் பேசினேன். கேட்டுக்கிட்டு சும்மா இருந்தியேடி. ஏன் எடுத்துப் போடல?"

ஜும்ராத் பேச வாயெடுத்தாள். அழுகைதான் முதலில் வந்தது. "எடுத்தா வியாபாரம் நின்னுடும். நின்னா அவரு வரமாட்டாரு. எனக்கு அவரு வேணும்மா. ஜனங்க மிதிச்சாலும் பரவால்ல, வந்துட்டாப் போதும்னு தோணிடுச்சு."

சபோஹத் கையை ஓங்கினாளோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கை வந்து அவள் தலையில் உட்கார்ந்தது. மாமியாரும் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் வேணாமா அவன்? பெத்தவடி நான். என்னைக் கேட்டிருந்தா நானும் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதான் எனக்குப் பயமா இருக்கு." ஆணியைப் பார்த்தாள். "அவன் வாய் பட்ட ரொட்டி. அது மேல கால் பட்டுக் கெடைக்கிற காசுல அவன் வந்து எறங்கினா, நான் எந்த முகத்தோட அதை நனைச்சு அவனுக்கு ஊட்டுவேன்? நீ வரைஞ்சது, நீயே முடிவு பண்ணு. நான் சொல்ல மாட்டேன்."

ஜும்ராத் டேப்லெட்டை மடியில் வைத்து, நீளப் பட்டியலில் அந்தக் கட்டத்தைத் தேடிப்பிடித்து டிக்கை எடுத்தாள். ஒரு தட்டுதான். ஒரு கோடை முழுக்க அந்தத் தட்டுக்குத்தான் பயந்திருந்தாள்.

"வாங்கினவங்களுக்கு?" என்றாள் சபோஹத்.

"அவங்க யாரு எவருன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்கம்மா. கருத்துக்குக் கீழ வேணா பதில் எழுதலாம்."

"எழுது. நான் சொல்றேன்." சபோஹத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், அவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பது போல. "அம்மாடிங்களா, உங்க மேல தப்பில்ல. அது என் பையன் கடிச்சு வெச்சுட்டுப் போன ரொட்டி. அவன் வர்ற வரைக்கும் அதைச் செவுத்துல வைக்கணும். முடிஞ்சா நீங்களும் ஒரு ஆணி அடிச்சு மாட்டிடுங்க. வந்ததும் நானே சொல்லி அனுப்புறேன். சுத்தமாத்தான் வெச்சிருக்கீங்க, சந்தோஷம்."

ஜும்ராத் அதை அப்படியே மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, எல்லோருடைய கருத்துக்கும் கீழே ஒட்டினாள்.

அதோடு வியாபாரம் படுத்துவிட்டது. தாள் எப்போதாவது ஒன்று போகும். ஜும்ராத் எல்யோரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப பேப்பரப் புதுப்பிச்சுடறேன்," என்றான் அவன். "குளிர்காலம் இங்கதான்."

"கோவமா?"

"பல் கோணல்கூட வரைஞ்சியாமே. அம்மா சொன்னாங்க. அதுக்குத்தான் கோவம்."

அந்தக் குளிர்காலம் நீண்டது. விருந்துக்குப் போகிற வீடுகளில் சபோஹத் அமெரிக்கப் பேச்சை எடுப்பதில்லை, மஸ்தூராதான் எடுப்பாள். ஆனால் பனி விழத் தொடங்கிய சமயத்தில் ஐரின் இன்னொரு படம் போட்டாள். குளியல் தொட்டிக்கு மேலே, ஓடு பதித்த சுவரில், மிதியடி தொங்கியது. ஆணி கொஞ்சம் சாய்ந்திருந்தது. "ஓட்டில் ஆணி இறங்குவதற்குள் என் பாடு போதும் என்றாகிவிட்டது. மன்னியுங்கள், தெரியாமல் மிதித்துவிட்டேன்." அப்புறம் இன்னும் சிலர். ஒருவர் சமையலறையில், ஒருவர் வண்டிக் கொட்டகையில். பலர் பதிலே போடவில்லை. அவர்கள் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஐரின் மட்டும் அவ்வப்போது கேட்பாள்: "வந்துவிட்டாரா?"

"இன்னும் இல்லைன்னு போடு," என்பாள் சபோஹத். முகம் மட்டும் மலர்ந்துவிடும்.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன்னால், வாதுமை பூத்திருந்தபோது எல்யோர் வந்தான். கை நிறையச் சம்பாதித்து வரவில்லை. இன்னொரு தரம் பேப்பரைப் புதுப்பிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். சித்தப்பாவின் சின்ன வண்டியை ஓட்டுவதாகப் பேச்சு. இளைத்துக் கறுத்திருந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் சபோஹத் ரொட்டியை இறக்கித் தட்டில் வைத்துச் சுடுதேநீர் ஊற்றினாள். அது கல்லாய் இறுகியிருந்தது; ஊற நேரம் பிடித்தது. மூன்று பேரும் அது ஊறுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் கடைசித் துணுக்குவரை தின்றான்.

"தூசி ருசிதான் தூக்கலா இருக்கு," என்றான். ஜும்ராத் சிரித்தாள், அழுதாள், இரண்டும் கலந்தே வந்தது.

"அவங்களுக்கு எழுது," என்றாள் சபோஹத். "வாக்குக் கொடுத்திருக்கோம்."

ஜும்ராத் எழுதினாள்: "வந்துவிட்டார். ரொட்டியைத் தின்றுவிட்டார். இனி நீங்கள் இறக்கிவிடலாம்."

"தரையில போடலாம்னு எழுதாதே," என்று சபோஹத் அவசரமாகச் சேர்த்தாள். "இறக்கலாம், அவ்வளவுதான்."

மறுநாள் காலைத் தேநீரின்போது ஐரினின் பதில் வந்திருந்தது. ஜும்ராத் படித்துவிட்டு, மாமியாருக்காக மெதுவாகச் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷமாம். ஆனா இறக்க வேண்டாம்னு பாக்கறாங்களாம். அவங்க பையனும் வீட்ட விட்டுப் போயிருக்கானாம். எங்க இருக்கான்னு தெரியலையாம். போறப்ப எதையும் கடிச்சுட்டுப் போகலையாம், அப்படி ஒண்ணு உண்டுன்னே அவங்களுக்குத் தெரியாதாம். 'இது இங்கேயே இருக்கட்டுமா'ன்னு கேக்கறாங்க."

சபோஹத் பியாலாவைக் கீழே வைத்தாள். காலியாகிவிட்ட ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, பிரார்த்தனைக்கு ஏந்துவது போல இரு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்னு சொல்லு," என்றாள். "அந்தப் புள்ள பேரு என்னன்னு கேளு."