பம்ப் அடிக்க ஓர் ஆள்

குளிர்காலம் வந்தால் முதலில் எங்கள் லாரிக்கு உடம்பு முடியாமல் போகும். அப்புறம் எனக்கு.

என் வீட்டுக்காரர் ஓட்டுவது பால் லாரி. விடியுமுன் பண்ணையில் கேன்களை ஏற்ற வேண்டும். இந்தக் குளிரில் சாவியைத் திருப்பினால் பழைய டீசல் இன்ஜின் இருமும், முனகும், அவ்வளவுதான். ஃபில்டர் பக்கத்தில் கட்டை விரலால் அழுத்துகிற ஒரு சின்னக் கைப்பம்பு இருக்கிறது. அழுத்த அழுத்த, தொளதொளவென்று இருப்பது டீசல் ஏறியதும் கல்லாக இறுகும். கையை எடுத்துவிட்டு ஓடிப்போய்ச் சாவியைத் திருப்புவதற்குள் டீசல் இறங்கிவிடும். அதனால் இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நான்.

தினமும் இருட்டில் எழுந்து, பம்ப் அடித்து, "ம், இப்போ!" என்று கத்துவேன். வண்டி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். நான் டீசல் நாற்றத்தோடு சமைத்து வைத்துவிட்டுத் தையல் கம்பெனிக்கு ஓடுவேன். போன வாரம் மெஷினிலேயே தூங்கி விழுந்து, ஊசி நகத்தோடு விரலில் இறங்கிவிட்டது. வலியைவிட, கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளச் சொன்னார்களே என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் தம்பி நல்ல மெக்கானிக். இந்த லாரியை வாங்கும்போதே, "வேணாம் மாமா, இது தேறாது" என்று சொன்னவன். இவர் கேட்கவில்லை. அதனால் வண்டி தும்மினால்கூடத் தம்பி காதுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பொறுக்கமுடியாமல் நான்தான் அவனிடம் சொன்னேன், குளிரில் வண்டி எடுக்க மாட்டேன் என்கிறது என்று. பம்ப் விஷயத்தை மட்டும் சொல்லக்கூடாது என்று இவர் என் வாயை அடைத்துவிட்டார். தம்பி தன் பட்டறையில் வைத்துப் பேட்டரியை மாற்றினான், ஹீட்டர் பிளக்கை மாற்றினான், ஃபில்டரை மாற்றினான். குளிர் அப்படியே இருந்தது, முனகலும் அப்படியே இருந்தது.

"வண்டி ஆறிக் கிடக்கிறப்ப பார்த்தாதான்க்கா தெரியும்" என்று விடியற்காலையிலும் இரண்டு தரம் வந்தான். இவர் என்ன செய்தார் தெரியுமா? அவன் வருமுன் என்னை எழுப்பிப் பம்ப் அடிக்கவைத்து, கொஞ்சம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றார். தம்பி சாவியைத் தொட்டதும் வண்டி எடுத்துக்கொண்டது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லக்கா. உனக்குத்தான் தூக்கம் போதல" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி அவனை வரச் சொன்னேன். அன்றும் இவர் என்னை உலுக்கினார்.

"எழுந்திரு, மச்சான் வந்துடுவான்."

"முடியல."

"விளையாடாத. இன்னொரு தரம் லேட்டானா வேற வண்டி பார்த்துக்குவேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு."

"தெரியும்."

போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். தெரிந்துதான் செய்தேன். பண்ணை வேலை போனால் நாங்கள் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

தம்பியின் பைக் வந்து நின்றது. "என்ன மாமா, இன்னிக்கு என்ன சொல்றாங்க உங்க லாரி மகாராணி?" சாவி திரும்பியது. ஒரு நீண்ட முனகல். "அட, இன்னிக்குத்தான் வேலையைக் காட்டுது!" மறுபடி முனகல், அதைவிட மெலிதாக. பானெட்டைத் திறக்கிற சத்தம். இவர் போன் அடித்தது. "வந்துட்டே இருக்கேன் சார்" என்றார் இவர். லாரி வாசலை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

கதவருகே வந்து நின்றார். "ஒரே ஒரு தடவை வா."

"பம்ப் அடிக்கத் தெரிஞ்ச ஆள் வாசல்லயே நிக்குறான். அவன்கிட்ட சொல்லுங்க."

செருப்புச் சத்தம் வெளியே போனது.

"மச்சான்... பம்ப் அடிச்சா வரும்."

"எந்த பம்ப்?"

"கைப்பம்புதான். உங்க அக்கா அடிப்பா."

"என்னிக்கு?"

"தினமும்."

தம்பி வெடித்தான். "இதை முதல்லயே சொல்லக்கூடாதா மாமா? ராத்திரியில டீசல் டேங்குக்கே இறங்கிப் போகுது. எங்கயோ காத்து வாங்குது. நான் என்னடான்னா நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுட்டு..." அதற்குமேல் அவன் சொன்னதை எழுத முடியாது. அவனே பம்ப் அடித்தான். வண்டி கிளம்பியது. வரிசையில் கடைசி வண்டியாக, சூப்பர்வைசரின் ஏச்சோடு கேன்களை ஏற்றினார்களாம்.

சாயங்காலம் தம்பி வந்து, டேங்கிலிருந்து வருகிற குழாயில் விரல் நீள ரப்பர் துண்டு ஒன்றை அறுத்தெடுத்து, புதிதாக மாட்டினான். "குளிர்ல இது இறுகிச் சுருங்குது. கிளிப்புகிட்ட காத்து உள்ள போகுது. வெளிய ஒரு சொட்டு ஒழுகாது. வெயில் ஏறினா தானா சரியாயிடும், அதான் பட்டறையில என் கண்ணுல படல." பழைய துண்டை என் கையில் வைத்துவிட்டு, என் நகத்தைப் பார்த்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இத்தனை நாள் என் தூக்கத்தைத் தின்றது இந்த ரப்பர்தானா? இது இல்லை என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்.

அன்று முழுக்க இவர் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வழக்கம்போலப் போனில் அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன்.

கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. அலாரம் அடிக்கவே இல்லை. வண்டி கிளம்பியதா, பண்ணையில் என்ன ஆச்சு என்று வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினேன். பனியில் நனைந்த தரையில், லாரி நின்ற இடம் மட்டும் உலர்ந்து கிடந்தது. அது கிளம்பிய சத்தம்கூட என்னை எழுப்பவில்லை.

போனை எடுத்துப் பார்த்தேன். அலாரத்தை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

படியில் உட்கார்ந்து அழுதேன். நன்றாகத் தூங்கி எழுந்த கண்ணோடு அழுது எத்தனை காலம் ஆகிறது! அன்று வேலைக்கு லேட்டாகப் போனது நான்தான்.