பாதி வெள்ளையடித்த மரம்

டிசம்பர் இருபத்துநான்கு, காலை பத்து மணி. நெவேனா கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இறந்த அப்பாவின் நகங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு போகவில்லை.

முந்தின நாள் மதியம் அப்பா ஸ்தாமென் செர்ரித் தோட்டத்தில் விழுந்தார். வெயில் மரங்களை எழுப்பிவிடக் கூடாதென்று அடிமரங்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். குளிர் போதாத மரம் சரியாகத் தூங்காது. தூங்காத மரம் ஒருசேரப் பூக்காது. இங்கே நாலு பூ, அங்கே நாலு பூ, காய் பிடிக்காது. மூன்று வருடமாக அப்படித்தான். குளிர் குறைவாகக் கேட்கும் ரகத்தை வைக்கலாம் என்று நெவேனா தொண்டை வற்றச் சொன்னாள். அவர் ஒசொகொவோ மலையைப் பார்த்து, "குளிர் வரும்டி" என்பார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

தின்கா அத்தை மெழுகுவர்த்தியைச் சரிசெய்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"விடுடி. என் அண்ணன் உழைச்ச கைன்னு அங்கேயும் தெரியட்டும்."

"அந்த உழைப்புதான் அத்தை, அவரைக் கொன்னுச்சு."

அத்தை போர்வையை இழுத்துவிட்டாள்.

தம்பி கலின் தலைநகர் சோபியாவிலிருந்து வந்திருந்தான். புழுக்கமாக இருக்கிறதென்று ஜன்னலைத் திறந்தான்.

இரண்டு மணிக்கு அடக்கம். மற்ற வருடங்களில் உறைந்த மண்ணைக் கடப்பாரையால் உடைக்க வேண்டியிருக்கும். இந்தத் தடவை மண் வெண்ணெய் மாதிரி வந்தது என்று குழி வெட்டியவர் நல்ல செய்தியாகச் சொன்னார். நெவேனா அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

இருட்டுவதற்குள் அத்தை கிறிஸ்துமஸ் முன்னிரவுச் சாப்பாட்டை எடுத்துவைத்தாள். பீன்ஸ், அரிசி அடைத்த குடமிளகாய், உலர்பழத் தண்ணீர். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து கோடாரியை எடுத்தாள். ஊர் வழக்கப்படி, காய்க்காத மரத்தின் முன்னால் இன்று ஒருவர் கோடாரியை ஓங்கி, வெட்டட்டுமா என்று மூன்று தடவை கேட்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்காக ஜாமீன் நிற்க வேண்டும். இந்த வீட்டில் சின்ன வயதிலிருந்தே கோடாரி நெவேனாவுடையது, ஜாமீன் அப்பாவுடையது. போன வருடம் அவள் நிஜமாகவே கேட்டாள். "வெட்டாதே, இந்த வருஷம் காய்க்கும்" என்று அவர் வழக்கமான ராகத்திலேயே சொன்னார். அவள் கோடாரியைத் தரையில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள்.

"துக்க வீட்ல இது வேணுமா அத்தை?" என்றான் கலின்.

"துக்கம் நமக்குடா. மரத்துக்கு என்ன?"

மூவரும் தோட்டத்துக்குப் போனார்கள். அப்பா விட்ட இடத்தில் அந்த மரம் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக நின்றது. வாளியில் தூரிகை இறுகிப்போயிருந்தது. தாழ்ந்த கிளையில் ஒரு மொட்டு உப்பி, நுனி பச்சையாகியிருந்தது. நெவேனா அதைக் கிள்ளி எறிந்தாள்.

தோட்டம் இனி இவர்கள் இரண்டு பேருடையது. கலின் தலையசைத்தால் ஜனவரியில் வேரோடு பிடுங்க ஆள் வரும். காலையிலேயே கேட்டிருந்தாள். அவன் அப்புறம் பேசலாம் என்றிருந்தான்.

"அப்பா நின்ன எடத்துல நில்லு. என்ன சொல்லணும்னு தெரியும்ல?" என்றாள் நெவேனா, அத்தையிடமிருந்து கோடாரியை வாங்கி.

"தெரியும்."

கோடாரியை ஓங்கினாள். "வெட்டட்டுமா?"

கலின் மொட்டு இருந்த இடத்தைப் பார்த்தான்.

"வெட்டட்டுமா?"

அவன் அத்தையைப் பார்த்தான். அத்தை வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெவேனா கோடாரியை இன்னும் உயர்த்தினாள்.

"வாயத் தொறந்து சொல்லுடா கலின். வெட்டட்டுமா?"