ஒற்றை இழை

நாலாவது தடவையாக அவள் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியபோது அது விரலைச் சுட்டது. கம்பி மறுபடியும் உருகிப் போயிருந்தது. உள்ளே கட்டிலில் கணவரின் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பி நாலு நாள் ஆகிறது. வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மிஷினோ கிழட்டு மிஷின். ஓடத் தொடங்கும்போதெல்லாம் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்தது. சிலிண்டர் வாங்கப் போன மருமகன் போனை எடுக்கவில்லை.

ஊரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர் அவள் கணவர். போகிற இடமெல்லாம் ஒரே பாட்டுத்தான். "ஃபியூஸுன்னா ஏதோ பழைய பாஷையில உருகுறதுன்னு அர்த்தமாம். உருகத்தான் அத வச்சிருக்கு. தடிக்கம்பி போட்டா அது ஃபியூஸே இல்ல. சுவத்துக்குள்ள வயர் எரியும்." முப்பது வருடம் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அவருடைய வேலைப் பையில் கைவிட்டாள். மெல்லிய கம்பிச் சுருள்தான் முதலில் அகப்பட்டது. அதைத் தள்ளிவிட்டு, தடித்த செம்புக் கம்பியை எடுத்து முறுக்கிக் கட்டினாள். அவர் இல்லாத வீடு இருந்தால் என்ன, எரிந்தால் என்ன என்றிருந்தது அவளுக்கு.

மிஷின் ஓடியது. அவர் கண்ணைத் திறந்தார்.

"எத்தனை இழை போட்ட?"

"ஒண்ணுதாங்க."

அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவருக்குத் தெரியாதா?

"சுவத்தத் தொட்டுப் பாத்துக்க" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

வயர் போகும் இடத்தில் ஒரு கையும், அவர் நெஞ்சில் மறு கையுமாக உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று இரண்டிடமும் கெஞ்சினாள். சுவர் வெதுவெதுப்பாகி, பிறகு சுட்டது. மூன்று மணி வாக்கில் நெஞ்சு மட்டும் அடங்கிவிட்டது.

மிஷினை நிறுத்தினாள்.

சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த மருமகன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அத்தை..."

"மெயின ஆஃப் பண்ணுங்க மாப்பிள்ளை."

கட்டையை உருவி, தடிக்கம்பியைக் கழற்றினாள். மெல்லிய இழை ஒன்றை வெட்டி, இரு முனையிலும் சுற்றித் திருகாணியை இறுக்கினாள்.

"இப்ப எதுக்கு அத்தை இதெல்லாம்?"

"ஆளுங்க வருவாங்க. லைட்டு போடணும், ஃபேன் போடணும்."

மெயினைப் போட்டதும் கட்டிலுக்கு மேல் மின்விசிறி சுற்றியது. அவள் பழைய இடத்தில் உட்கார்ந்து சுவரில் கை வைத்தாள். சூடு இன்னும் ஆறவில்லை. கையை அங்கேயே வைத்திருந்தாள்.